ஆய்வுக்கு ஒரு மரம்

தையற்காரர் வீட்டின் பின்னறைத் தரை ஈரமாக இருந்ததற்கு முதல் பழி அவர் மனைவியின் மேல் விழுந்தது. துடைத்தவள் சரியாகப் பிழியவில்லை என்றார் அவர். "நான் துடைச்சே ஒரு வாரம் ஆகுதே" என்றாள் அவள். அது தன்னைக் காப்பாற்றிய பதிலா, மாட்டிவிட்ட பதிலா என்று அவளுக்கே சட்டென்று விளங்கவில்லை. அடுத்துக் குடத்தின் மேல் சந்தேகம் போனது. குடம் நல்ல குடம். கூரையைப் பார்த்தார்கள், மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கடைசியில், வந்து போகும் பூனையின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் கை கழுவ இருந்த நேரத்தில் கட்டிலிலிருந்து அவருடைய அக்கா குரல் கொடுத்தாள்.

"சுவத்துலேர்ந்து வருதுடா."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து படுத்துக் கிடப்பதும் அந்தச் சுவரைப் பார்ப்பதும்தான் அவளுக்கு வேலை. சுவரில் ஓர் எறும்பு ஊர்ந்தால், எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்காமலே சொல்லுவாள். அவளை நகர்த்துவதானால் படுத்த வாக்கில், உடம்பு வளையாமல் தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலோடு தூக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புரண்டு படுக்க அகலமாக இருக்கட்டும் என்று தச்சரைக் கூப்பிட்டு அறைக்குள்ளேயே வைத்துச் செய்த கட்டில் அது. செய்து முடித்த பிறகுதான் கட்டில் கதவு நிலையை விட அகலம் என்பது தச்சருக்கே தெரிந்தது. "வெளியில எதுக்குங்க எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. சந்தை ஒட்டி அணை.

அணை என்றதும் கருங்கல்லும் நுரை பொங்கும் தண்ணீருமாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சின்ன மண் அணை. எப்போதோ யாரோ மண்ணைக் கொட்டி, மிதித்து, புல்லை வளரவிட்டு எழுப்பிய நீளமான மேடு. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஏரிக்கரை, காற்று வாங்குவார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் வீட்டை விட உயரமாக நிற்கும் புல்தரை, துணி காயப்போடுவார்கள். தலைக்கு மேலே ஓர் ஏரி நிற்கிறது என்பதைத் தினமும் நினைத்துக்கொண்டு யாராலும் சோறு தின்ன முடியாது. அதை நினைப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது.

சிற்றணைப் பாதுகாப்பு வாரியம் அணையின் ஒரு முனையில், பாறை மேட்டின் உச்சியில் இருந்தது. என்ன வெள்ளம் வந்தாலும் வாரியத்தை எட்டாது. அணையைக் காப்பவர்கள் முதலில் தாங்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று தீர யோசித்துக் கட்டியிருந்தார்கள்.

தையற்காரருக்கு வாரியம் புதிதல்ல. அதற்குத் திரை தைப்பவரே அவர்தான். அணையை ஆய்வு செய்ய வரும் எந்த அதிகாரியும் வந்த சுவடு இல்லாமல் திரும்பக் கூடாது, அணையின் மேல் ஒரு கன்று நட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். கன்றுக்குப் பக்கத்தில் நட்டவரின் பெயர் பொறித்த கல். கல்லுக்கு முன்னால், இரண்டு கம்புகளுக்கு நடுவே பச்சை வெல்வெட் திரை. கயிற்றை இழுத்தால் திரை விலகும், கை தட்டுவார்கள். ஒருவர் விலக்கிய திரையை இன்னொருவர் விலக்குவது மரியாதைக் குறைவு என்பதால் ஒவ்வொரு முறையும் புதுத் திரை. இடது பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கல்லைப் பொறிப்பவர். வலது பக்கத்து வீட்டுக்காரர் விழாவுக்குப் பந்தல் போடுபவர். வாரியம் அணையைக் காத்ததோ இல்லையோ, அந்தத் தெருவைக் காத்துவந்தது.

ஈரம் அணையிலிருந்து வருகிறது என்று புரிந்த அன்றே தையற்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வாரியத்துக்கு ஓடினார். புகார் ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சார், பின்னறைச் சுவத்துல தண்ணி கசியுது. அணையிலேர்ந்துதான் வருது. பயமா இருக்கு."

எழுத்தரின் முகம் மலர்ந்தது. புகார் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தே வெகு நாளாகியிருந்தது.

"பயப்படவே பயப்படாதீங்க. புகார் வந்தா ஆய்வு வந்தே தீரும். நீங்க உடனே வீட்டுக்குப் போய்…"

"காலி பண்ணிடணுமா சார்?"

"சேச்சே. திரையைத் தைக்க ஆரம்பிச்சுடுங்க."

ஆய்வு வந்தது. தலைமை இன்ஜினியரே நேரில் வந்தார். நல்ல உயரம், நல்ல குரல், மண் படாத காலணி. ஏரிப் பக்கம் பந்தல் நிழலில் நின்று தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். தையற்காரர் மெல்ல முன்னால் போய், இந்தப் பக்கம் இறங்கித் தன் வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

தலைமை இன்ஜினியர் சரிவின் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"பார்க்கலாம்தான். ஆனா சறுக்கும் போலிருக்கே."

"ஆமாங்க. ஈரமா இருக்குல்ல."

"அதான் சொல்றேன். ஈரமா இருக்கற இடத்துல எங்க ஆளுங்களை நான் இறக்க மாட்டேன். நாங்க பாதுகாப்பு வாரியம்ங்க. ஒருத்தர் வழுக்கி விழுந்தாலும் எங்களுக்கு அவமானம்."

தையற்காரர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் ஒலிபெருக்கி கனைத்தது. தலைமை இன்ஜினியர் பேசினார்.

"மண் அணையின் மேல் மரம் நடக் கூடாது! இது நமது வாரியத்தின் முதல் விதி. ஏன் நடக் கூடாது? வேர் மண்ணைத் துளைக்கும். வேர் போன வழியில் தண்ணீர் போகும். தண்ணீர் போன வழியில் ஒரு நாள் அணையே போகும். இதைப் போகிற இடமெல்லாம் நான் வலியுறுத்தி வருகிறேன். ஆகவேதான், நண்பர்களே, இன்று வரை இந்த அணையின் மேல் நாம் ஒரு மரத்தைக்கூட நட்டதில்லை. நாம் நடுபவை கன்றுகள். கன்று பிற்காலத்தில் மரமாவதும் ஆகாததும் அதன் சொந்த விஷயம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தையற்காரரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கன்றை எங்கே நடுவது என்பதில் வாரியத்துக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை. பெரிய மனிதர் கையில் மண்வெட்டியைக் கொடுக்கும்போது மண் இளக்கமாக இருக்க வேண்டும், அவருக்கு மூச்சு வாங்கக் கூடாது. முழு அணையிலும் மண்வெட்டி வைத்ததும் தானாக இறங்கும் இடம் ஒன்றுதான் இருந்தது. அது தையற்காரர் வீட்டுக்கு நேர் மேலே. பழைய மரங்களும் அங்கேதான் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. தலைமை இன்ஜினியர் இரண்டு கொத்துக் கொத்தினார், கன்று நின்றது, திரை விலகியது, ஆய்வு இனிதே முடிந்தது.

பின்னறையில் ஈரம் கட்டிலின் கால் வரைக்கும் வந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மரம் நடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"நட்டாங்க."

மனைவி கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கச் செங்கல் தேடிக்கொண்டு போனாள்.

தையற்காரர் சளைக்காமல் மறுபடி புகார் கொடுத்தார். இந்த முறை ஒரு குழுவே வீட்டுக்கு வந்தது. முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்கள். பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, அக்காவிடம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். ஒரு தோசைக்கல் அளவுக்கு இருந்த ஈரம் இப்போது ஒரு ஜன்னல் அளவுக்குப் படர்ந்து, நடுவில் நூல் நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் தாடையைத் தடவினார். பையைத் திறந்து வாரியத்தின் பெரிய நாட்காட்டி ஒன்றை எடுத்தார். அட்டையில் அணையின் வண்ணப்படம், கீழே 'உங்கள் நிம்மதி எங்கள் பணி' என்ற வாசகம். அதை ஈரத்தின் மேல் ஆணி அடித்து மாட்டி, இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தார்.

"இப்ப ஈரம் தெரியுதா?"

"தெரியலைங்க. ஆனா…"

"அவ்வளவுதாங்க. பாதி பயம் பார்க்கறதுனாலதான்."

போகும் வழியில் குழுத் தலைவர் அணை மேல் ஏறி, வழக்கம்போல ஒரு கன்று நட்டார். அந்தத் திரையையும் தையற்காரர்தான் தைத்திருந்தார்.

"பார்க்கறதுக்குன்னு எனக்கு ஒரு சுவரு இருந்துச்சு. அதையும் மறைச்சுட்டுப் போறானுங்க" என்றாள் அக்கா. "அதைக் கழட்டுடா. ஈரமா இருந்தாலும் எனக்கு அந்தச் சுவருதான் வேணும்."

நாட்காட்டியைக் கழற்றும் வேலை வரவில்லை. இரண்டு நாளில் அது ஊறி, தானே கீழே விழுந்தது. படத்தில் இருந்த அணை முதலில் கரைந்தது.

வாரியத்தில் சின்ன இன்ஜினியர் ஒருவர் இருந்தார். நல்ல பையன் என்று தெருவில் பெயர். பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்தவரிடம் தையற்காரர் சுண்ணக் கட்டியால் கோடு போட்டபடியே கேட்டார்.

"மேல இருக்கற மரங்களை வெட்டிட்டா என்ன சார்?"

"வெட்டணும்தாங்க. வெட்டி, வேரோட எடுத்து, குழியை நல்ல மண்ணால இறுக்கணும். ஆனா நட்டவர் நேர்ல வந்து சம்மதம் சொல்லாம வெட்ட முடியாது. பெரியவங்க கை வெச்சது, மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. உங்க வீட்டுக்கு நேர் மேல ஒரு பெரிய மரம் இருக்குல்ல? அதை நட்டவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

"அப்ப அது?"

"அவரு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து கேட்கலாம்னு நான் சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கிட்டாங்க. வராங்க."

தையற்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே இன்னொன்றும் கேட்டார். "நீங்க நட்டது ஒண்ணு இருக்கே. அதையாவது முதல்ல எடுத்துடலாமே சார்?"

சின்ன இன்ஜினியர் கண்ணாடியில் தன் பேன்ட்டைப் பார்த்தார்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நட்டதுங்க. எங்கம்மா அதைப் போட்டோ எடுத்து வீட்டுல மாட்டியிருக்காங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் நேரம் இருக்குன்னு வெச்சுக்கங்க. கலங்கலா வந்தா அணையோட மண்ணே கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். அப்ப புகார் ஜன்னலுக்கெல்லாம் வந்து நிக்காதீங்க."

"எங்க வரணும்?"

"எங்கயாவது மேட்டுக்குப் போயிடுங்க."

மறைந்த அதிகாரியின் மனைவி வந்தார். காரிலிருந்து இறங்கியதும் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கிட்டே போய் அதைக் கட்டிக்கொண்டார். "அவரையே பார்க்கற மாதிரி இருக்கு" என்று அழுதார். கோடரியோடு வந்திருந்த ஆள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தலைமை இன்ஜினியருக்கே கண் கலங்கிவிட்டது. இந்த மரம் தனியாக நிற்கக் கூடாது, பக்கத்திலேயே அம்மா கையால் ஒரு கன்று நட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவானது. திரை அவசரமாகத் தேவைப்பட்டது. தையற்காரர் வீட்டுக்கு ஓடி வந்து, ஈரத் தரையில் கால் வைத்துக்கொண்டு, அதைத் தைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அவருக்கு அது உறைத்தது. புகார் கொடுத்தால் ஆய்வு. ஆய்வு வந்தால் கன்று. கன்று என்றால் குழி. குழி தன் வீட்டுக்கு மேலே. ஆக, தண்ணீர் வருகிறது என்று அவர் கத்தக் கத்த, தண்ணீர் வருவதற்கு வாரியம் வழி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அவரே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தார், அதுவும் வரவில்லை. தையல் இயந்திரத்தை மிதிக்கும் பாதங்கள் ஈரத்தில் விறைத்துக் கிடந்தன. அந்த விறைப்பு மெல்ல மேலே ஏறி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது போலிருந்தது. அக்கா கூப்பிட்டால் போனார். மனைவி சோறு போட்டால் தின்றார். யாராவது பித்தான் வைக்கச் சொன்னால் வைத்தார்.

"நீங்க ஏன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறீங்க?" என்று மனைவி அதட்டினாள். "போய்க் கேளுங்க. சண்டை போடுங்க. அண்ணியோட கட்டிலுக்குக் கீழே மூணாவது செங்கல் வெச்சாச்சு, தெரியுமா?"

"கேட்டா இன்னொரு குழி தோண்டுவாங்க."

"அப்ப இங்கேர்ந்து போயிடலாம். எங்க அண்ணன் வீடு மேட்டுலதான இருக்கு?"

"அக்காவை எப்படித் தூக்கறது?"

ஆளுக்கொரு பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்ததில் இடுப்பு வளைந்து அக்கா போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டிருந்தது. கட்டிலை அறுக்கலாம் என்றால் அறுக்கும்போது அவளை எங்கே கிடத்துவது? தரை முழுக்கத் தண்ணீர். எல்லாமே யோசித்தாயிற்று, எதுவுமே நடக்கவில்லை. தையற்காரர் மறுபடி இயந்திரத்தை மிதிக்கப் போனார்.

அவர் சும்மா இருந்தார். அதற்குமேல் யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய எண்ணம். ஆனால் சும்மா இருப்பதையும் கவனிக்க வாரியத்தில் ஆள் இருந்தது. விடாமல் புகார் கொடுத்துவந்த ஒரே ஆள் புகாரை நிறுத்திவிட்டார் என்றால் அணை பூரணமாகக் குணமாகிவிட்டது என்றுதானே பொருள்? எழுத்தர் அதைத் தலைமை இன்ஜினியரிடம் சொன்னார். தலைமை இன்ஜினியர் இன்னும் மேலே சொன்னார். புகாரில்லாத அணை என்று இந்த அணைக்கு ஒரு விருது வந்து சேர்ந்தது.

எழுத்தரே கடை தேடி வந்து கை குலுக்கினார்.

"விழாவே உங்களாலதாங்க. இந்தத் தடவை கன்னு நடப் போறது அதிகாரி இல்ல. நீங்க!"

"நானா?"

"பொதுமக்கள் சார்பா. தெருவுல எல்லாரும் வரணும், கூட்டம் வேணும், மேல ஆபீஸ் வாசல்லயே பெரிய பந்தல், எல்லாருக்கும் சாப்பாடு. அப்புறம், திரை. விருதுக் கல்லு ஓர் ஆள் உயரம். அதுக்குத் தகுந்த மாதிரி பெரிசா, கெட்டித் துணியில தைச்சுடுங்க."

தையற்காரர் தைத்தார். கெட்டி வெல்வெட்டை இரட்டையாக மடித்து, ஓர் ஆள் நீளத்துக்கு, எதையும் நினைக்காமல் தைத்தார். முடித்து விரித்துப் பார்த்தபோதுதான், இரண்டு நீளப் பக்கங்களிலும் கம்பு நுழைகிற மாதிரி உறை வைத்து, ஒன்றுக்கு மூன்றாகத் தையல் ஓட்டியிருப்பது அவருக்கே தெரிந்தது. ஒரு திரைக்கு அது தேவையே இல்லை. அவர் கை எப்போது அப்படித் தீர்மானித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

விழாவுக்குத் தெருவே போயிருந்தது. கல் பொறிப்பவர் குடும்பத்தோடு, பந்தல்காரர் குடும்பத்தோடு, நடக்க முடிந்த எல்லோரும் பாறை மேட்டில் இருந்தார்கள். கீழே அக்காவும், அவளுக்குத் துணையாகத் தையற்காரரின் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அணை மேல் கன்று நடும் இடத்தில் அதிகாரிகள் வட்டமாக நின்றார்கள். தலைமை இன்ஜினியர் பேசினார்.

"ஓர் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்பதை எப்படி அறிவது? அளவு கருவிகளாலா? அவை பழுதாகும். ஆய்வாலா? அதிகாரிகளும் மனிதர்களே, தவறுவார்கள். மக்களின் அமைதியால்தான் அறிய முடியும்! இந்த அணைக்குக் கீழே வாழும் மக்கள் இன்று வாயே திறப்பதில்லை. ஒரு பாதுகாப்பு வாரியத்துக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? இந்த மௌனத்தைப் பெறுவதற்கு நாங்கள் எத்தனை பாடுபட்டிருக்கிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்."

கை தட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. மண்வெட்டியைத் தையற்காரர் கையில் கொடுத்தார்கள். அவர் குனிந்து பார்த்தார். கீழே, மரங்களின் இடைவெளியில், தன் வீட்டுக் கூரை தெரிந்தது.

"சார், இந்த இடத்துல வேண்டாமே."

"இதுதாங்க ராசியான இடம். மண்ணு பூ மாதிரி. சும்மா கொத்துங்க."

கொத்தினார். ஒரே கொத்து. மண்வெட்டி பாதி வரை உள்ளே போனது. இழுத்ததும் குழியில் கீழிருந்து தண்ணீர் ஊறி, விளிம்பு வரை வந்து, தளும்பி நின்றது. அவர் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சின்ன இன்ஜினியர் மட்டும் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற முகங்களில் ஆனந்தம்.

"பார்த்தீங்களா!" தலைமை இன்ஜினியர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அவசியமில்லை. அணையே ஊற்றிக் கொடுக்கிறது!"

கன்றை வைத்தார்கள். அது குழியில் மிதந்தது. ஓர் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தையற்காரர் கயிற்றை இழுத்தார், திரை விலகியது, கல் தெரிந்தது. எல்லோரும் விருதுக் கல்லோடு படம் எடுத்துக்கொள்ள நெருக்கியடித்தார்கள். அந்தச் சந்தடியில் தையற்காரர் திரையை உருவினார். இரண்டு கம்புகளையும் மண்ணிலிருந்து பிடுங்கினார். அவையும் லேசாகத்தான் வந்தன.

"அட, அது எதுக்குங்க?" என்றார் எழுத்தர்.

"ஒரு தையல் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் சரிவில் இறங்கினார். இறங்கினார் என்பதை விட வழுக்கினார் என்பதே சரி. பாதுகாப்பு வாரியத்தில் ஒருவரும் கால் வைக்காத அந்தச் சரிவில், உட்கார்ந்த வாக்கில், வெல்வெட்டைக் கட்டிப்பிடித்தபடி சந்து வரைக்கும் சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

பின்னறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கலங்கலா வருதுடா" என்றாள் அக்கா. வழக்கமான குரலில்தான் சொன்னாள். "காலைல தெளிவாத்தான் இருந்துச்சு. இப்ப செம்மண்ணா வருது பாரு."

பார்க்க வேண்டிய அவசியமில்லை. கால்களுக்குக் கீழே தரையே செந்நிறமாகத்தான் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் தையற்காரருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததில் அவருக்கு ஏறக்குறைய நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு உறைகளிலும் கம்புகளை நுழைத்தார். மனைவி சொல்லாமலே புரிந்துகொண்டு மறுபக்கம் போனாள். அக்காவை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வெல்வெட்டை முதுகுக்கு அடியில் தள்ளினார்கள். தூக்கியதும் துணி தாங்கியது; தையல் ஒன்றுகூட முனகவில்லை. அக்காவும் அலறவில்லை. கம்புகளை நெருக்கிப் பிடித்ததும் கதவு நிலைக்குள் சுளுவாக வெளியே வந்தார்கள். தொங்கிய துணியை அக்காவின் மேலே இழுத்துப் போர்த்திவிட்டு, தெருவில் ஏறி, பாறை மேட்டுச் சாலையில் ஓட்டமும் நடையுமாக நடந்தார்கள்.

சாலை மேட்டில் ஏறும் இடத்தில், அணை மேலிருந்து வந்த அதிகாரிகள் குறுக்கிட்டார்கள். விழா முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் உற்சாகத்தில் இருந்தார்கள். இரண்டு கம்புகளுக்கு நடுவே பச்சை வெல்வெட்டைப் பார்த்ததும் எல்லோருடைய கால்களும் தாமாக நின்றன. பேச்சு அடங்கியது. ஒருவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைமை இன்ஜினியர் ஓர் அடி முன்னால் வந்து, முகத்தில் அந்தப் புன்னகையை வரவழைத்துக்கொண்டு, கையை நீட்டி, வெல்வெட்டின் ஓரத்தில் கயிற்றைத் தேடினார்.

"கயிறெல்லாம் இல்லீங்க" என்றாள் அக்கா உள்ளிருந்து. "நான்தான் இருக்கேன்."

தலைமை இன்ஜினியரின் கை அப்படியே நின்றது. சின்ன இன்ஜினியர் மட்டும் தையற்காரரின் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை செம்மண் தெறித்திருந்தது.

"கலங்கலாவா?" என்று கேட்டார்.

தையற்காரர் தலையை ஆட்டினார். சின்ன இன்ஜினியர் வந்து மனைவியின் கையிலிருந்த கம்புகளை வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் மேலே நடந்தார்கள்.

அப்போது அணைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் சடசடவென்று, பிறகு விட்டுவிடாமல், பெருங்கூட்டம் ஒன்று எங்கோ இடைவிடாமல் தட்டுவது போல. தலைமை இன்ஜினியர் காதைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் இன்னும் அந்தப் புன்னகை பாக்கி இருந்தது.

"விழாதான் முடிஞ்சுதே. யாருப்பா அது இன்னும் கை தட்டறது?"

தையற்காரர் திரும்பிப் பார்க்கவில்லை; அவருடைய இரண்டு கைகளும் கம்பில் இருந்தன.